மழை பெய்தால் ஜிம்மி திரும்பவும் மணக்கிறான்

கேள்வி: எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். மூன்று வயதுக் கறுப்பு லாப்ரடோர் வளர்க்கிறோம், பெயர் ஜிம்மி. போன கிழமை இரவு பதினொரு மணிக்குப் பின்வளவுக்கு விட்டபோது ஸ்கங்க் (நாற்ற நீரைப் பீய்ச்சுகிற காட்டுப்பிராணி) அடித்துவிட்டது. முகத்தில்தான் பட்டது. அன்றிரவே ஷாம்பூ போட்டோம், நான்கு டின் தக்காளிச் சாறு ஊற்றினோம், மாமி மஞ்சளும் தேசிக்காயும் தேய்த்தார். நாற்றம் போன மாதிரி இருந்தது. நேற்று மழையில் நனைந்து வந்தான், மறுபடி அதே நாற்றம். இன்னொன்று, வீட்டின் பின்பக்க மரத் தளமான டெக்குக்குக் கீழே ஒரு துளை இருக்கிறது. அதிலிருந்து தாயும் நாலைந்து குட்டிகளும் வரிசையாகப் போனதை மகள் ஜன்னலால் பார்த்தாள். வருகிற சனிக்கிழமை சீமெந்து போட்டு அடைப்பேன் என்று கணவர் நிற்கிறார். மிளகாய்ப் புகை போட்டுக் கலைக்கலாம் என்கிறார் மாமி. இதுகளால் நாய்க்கோ பிள்ளைகளுக்கோ விசர் நோய் வருமா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

பதில்: சனிக்கிழமை சீமெந்து வேலையை முதலில் நிற்பாட்டுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஜிம்மியின் கண்ணைப் பார்க்க வேண்டும். ‘முகத்தில்தான் பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்றத்துக்கு என்னென்ன ஊற்றினீர்கள் என்று முழுக் கணக்கும் தந்திருக்கிறீர்கள். கண் எப்படி இருக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அந்த நாற்றத்துக்கு முன்னால் நிற்கிறவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. என்னிடம் இரவில் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்கிற முதல் கேள்வியும் சவர்க்காரத்தைப் பற்றித்தான்.

பகல் வெளிச்சத்தில் அவனை உட்கார வைத்து இரண்டு கண்ணையும் பாருங்கள். ஒரு கண்ணைப் பாதி மூடி வைத்திருக்கிறானா, முன்காலால் தேய்க்கிறானா, வெள்ளை விழி சிவந்திருக்கிறதா, கறுப்பு விழிக்கு மேலே மெல்லிய பால் ஏடு படிந்தது போலத் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே உங்கள் மிருக வைத்தியரிடம் போங்கள். அந்த நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கொஞ்ச நேரம் கண் தெரியாமலும் போகும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனால் எரிச்சலில் நாய் தன் நகத்தாலேயே விழியைக் கீறிப் புண்ணாக்கிக் கொள்வது உண்டு. அந்தப் புண்ணை ஒரு நாளும் அப்படியே விடக்கூடாது. இனி ஒருமுறை நடந்தால் ஷாம்பூவைத் தேடி ஓடுவதற்கு முன், வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரால் கண்ணைப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கண் கழுவுகிற உப்புநீர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணோடு சேர்த்து முரசையும், அதாவது பல் ஈறையும், பாருங்கள். அந்த நீர் உடம்பில் நிறையப் பட்டு, நாய் அதை நக்கி விழுங்கவும் செய்தால், மிக அரிதாக இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும். முரசு வெளிறும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும், நாய் எழும்ப மாட்டாமல் படுத்தே கிடக்கும். இது வருவதானால் முதல் சில நாட்களுக்குள் வந்துவிடும். ஒரு கிழமை தாண்டியும் ஜிம்மி ஓடித் திரிகிறான் என்றால் இந்தக் கவலையை விடலாம்.

சரி, இனி நாற்றத்துக்கு வருவோம்.

தக்காளிச் சாறு நாற்றத்தை எடுக்காது. எடுத்த மாதிரித் தோன்றுவதற்குக் காரணம் உங்கள் மூக்குத்தான். கருவாடு பொரித்த வீட்டில் இருப்பவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் மணம் தெரியாமல் போய்விடும். வெளியிலிருந்து வருகிறவர் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்துவார். அதேதான் இங்கேயும். ஒரு மணித்தியாலம் நாயோடு மாரடித்த பிறகு உங்கள் மூக்கு அந்த மணத்தைப் பதிவதை நிறுத்திவிடும், தக்காளியின் புளிப்பு மட்டும் புதிதாக ஏறும். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். மாமியின் மஞ்சள் தேசிக்காயும் அதே கதைதான். கறுப்பு நாய் என்பதால் மஞ்சள் நிறம் தெரியவில்லை, அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஸ்கங்கின் வாலடியில் இரண்டு சுரப்பிகள் உண்டு. அதிலிருந்து பீய்ச்சுவது மஞ்சள் நிறமான ஒரு எண்ணெய். மூன்று மீற்றர் தூரத்துக்குக் குறி தவறாமல் அடிக்கும். அதில் நாறுவது தயோல் என்கிற கந்தகச் சேர்மங்கள். சமையல் வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் கலக்கிற மெர்கப்டான் என்ற பொருளும் இதே குடும்பம்தான். நான் கனடாவுக்கு வந்த முதல் வசந்தகாலத்தில், இரவு இரண்டு மணிக்கு ‘காஸ் கசிகிறது’ என்று வீட்டில் எல்லோரையும் எழுப்பி, பனிச்சப்பாத்தோடு வீதியில் கொண்டுபோய் நிறுத்தினேன். மிருக வைத்தியம் படித்தவன்தான், ஆனால் எங்கள் ஊரில் ஸ்கங்க் என்ற பிராணியே இல்லையே. மரநாயைத் தெரியும், கீரியைத் தெரியும். இது இரண்டுமில்லை. (சந்தேகமாக இருந்தால் இப்போதும் வெளியே போய் நின்றுகொண்டு காஸ் கம்பனிக்கு அடியுங்கள். வெட்கப்படுவதில் நட்டமில்லை.) 2018-இல் இங்கே கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெடியனைச் சந்தேகப்பட்டவர்கள், கடைசியில் டெக்குக்குக் கீழே குற்றவாளியைக் கண்டுபிடித்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு.

மழையில் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் வுட் என்ற வேதியியலாளர் 1990-இல் இந்த எண்ணெயைப் பிரித்துப் பார்த்தார். தயோல்களோடு தயோஅசிட்டேட் என்ற இன்னொரு வகையும் அதில் இருந்தது. அது அவ்வளவாக நாறாது. ஆனால் தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லத் தயோலாக மாறும். அதாவது ஜிம்மியின் மயிருக்குள் நாளைக்கு நாறப்போகிற சரக்கும் சேர்ந்தே ஒட்டியிருக்கிறது. நனையும்போதெல்லாம் அதில் கொஞ்சம் விழித்துக்கொள்ளும். ஷாம்பூ போட்டுத் தண்ணீரால் அலசிய அன்றைக்கும் இதுதான் நடந்தது.

எண்ணெயைக் கழுவித் தள்ளப் பார்ப்பதால்தான் தோற்கிறோம். அதை வேறொரு பொருளாக மாற்றிவிட வேண்டும். அதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் இலினோயைச் சேர்ந்த பால் கிரெபாம் என்ற வேதியியலாளர். ஆய்வுகூடத்தில் கந்தக வாயுக்களின் நாற்றத்தை அடக்க ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பாவித்துக்கொண்டிருந்தவர் அவர். கூட வேலை செய்தவரின் பூனைக்கு ஸ்கங்க் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், மயிருக்கும் தோலுக்கும் தாங்கக்கூடிய மெல்லிய கலவை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். 1993-இல் அது அச்சில் வந்தது. இன்றைக்கு வட அமெரிக்கா முழுக்க மிருக வைத்தியர்கள் சொல்வது அதைத்தான். தயோலில் இந்தக் கலவையின் ஒட்சிசன் சேர்ந்தால் அது நாறாத, தண்ணீரில் கரையக்கூடிய அமிலமாக மாறிவிடும். அப்புறம் தண்ணீரில் போய்விடும்.

மருந்துக்கடையில் மண்ணிறப் போத்தலில் விற்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர் எடுங்கள். ஜிம்மி அளவுக்கு 500 மில்லிலீற்றர்ப் போத்தல் இரண்டு தேவைப்படும். அதில் அப்பச்சோடா (பேக்கிங் சோடா) கால் கப். பேக்கிங் பவுடர் அல்ல, அப்பச்சோடா. பாத்திரம் கழுவுகிற திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி. திறந்த பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், நுரைத்து எழும்பும். நுரைக்கிறபோதே பாவிக்க வேண்டும். சலூனில் பாவிக்கிற கடுமையான பெரொக்சைட் பக்கம் போகவேண்டாம், தோலைச் சுட்டுவிடும். பழைய போத்தலானால் முதலில் குசினித் தொட்டியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைக்கவில்லை என்றால் அது வெறும் தண்ணீராகிவிட்டது.

நாயை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். வெளியில் வைத்தே கையுறை போட்டுக்கொண்டு, காய்ந்த மயிரிலேயே கலவையைத் தேயுங்கள். புதிதாக அடிபட்ட நாயானால் முதலில் கடதாசித் துவாயால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள், தேய்த்தால் பரவும். கலவை தோல்வரைக்கும் போகும்படி விரலால் கோதி ஐந்து நிமிடம் வைத்திருந்து வெதுவெதுப்பான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். முகத்துக்கு ஊற்ற வேண்டாம். சின்னத் துணியைக் கலவையில் நனைத்துப் பிழிந்து, கண்ணிலும் வாயிலும் காதுக்குள்ளும் படாமல் ஒற்றுங்கள். கன்னத்து மயிரிலும் கழுத்துப்பட்டியின் கீழும்தான் கூடுதலாகத் தங்கியிருக்கும். கழுத்துப்பட்டியே தோலென்றால் எறிந்துவிடுங்கள், அது மீளாது. உங்களுக்கு இது இரண்டாம் சுற்று என்பதால் ஒரு நாள் விட்டு இன்னொரு தடவையும் செய்ய வேண்டிவரலாம். அதற்குப் பிறகும் சில கிழமைகளுக்கு மழையில் லேசாகத் தலைகாட்டும், ஆளைத் துரத்துகிற அளவுக்கு இராது. ஒரு எச்சரிக்கை: கறுப்பு மயிர் கொஞ்சம் செம்மண் நிறமாக வெளுக்கும். புது மயிர் வளர்ந்ததும் சரியாகிவிடும்.

மிஞ்சிய கலவையைத் தயவுசெய்து போத்தலில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு முறை அரை வாளி மிஞ்சியது. வீணாக்க மனமில்லாமல் சோடாப் போத்தலில் விட்டு, இறுக்கி மூடி, உடுப்புத் தோய்க்கும் அறைத் தட்டில் வைத்தேன். கலவை விடாமல் ஒட்சிசனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் என்று தெரிந்தும் வைத்தேன். விடியப்புறம் வெடித்த சத்தத்தில் மனைவி எழும்பிவிட்டார். கூரையில் வெள்ளைத் திட்டு இன்னமும் இருக்கிறது. சாமான்களைத் தனித்தனியாக ஒரு வாளிக்குள் வைத்திருங்கள், கலக்குவது அந்த நேரத்தில். நடு இரவில் மருந்துக்கடை தேடி அலையத் தேவையில்லை.

உடுப்புகளை அப்பச்சோடா சேர்த்து இரண்டு தடவை தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். டெக்கின் பலகைக்கு ஒரு பங்கு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர் போதும். ஆனால் பிளீச்சை வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் பிராணியின் மேல் போடாதீர்கள், காயும்வரை நாயையும் பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பூனைக்கு அடித்தாலும் அதே கலவைதான். ஆனால் குளிப்பாட்டப் போனால் உங்கள் கைதான் கிழியும். நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் பல தடவை துடையுங்கள். பூனை தன்னை நக்கும், பெரொக்சைட் வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கும். வாசனை எண்ணெய், அதுவும் ரீ ட்ரீ எண்ணெய், பூனைக்கு நஞ்சு. பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள் என்பதே என் உண்மையான ஆலோசனை.

விசர் நோய்க்கு வருவோம். அடித்த நீரால் விசர் பரவாது, எச்சிலால்தான் பரவும். கடித்ததா என்பதே கேள்வி. ஜிம்மியின் மூக்கு, உதடு, முன்கால் எல்லாவற்றிலும் மயிரை விலக்கிப் பற்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு கீறலாக இருந்தாலும் வைத்தியருக்குச் சொல்லுங்கள், ஊசி முடிந்திருந்தாலும் மேலதிகமாக ஒன்று போடுவார். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளுக்கு விசர்த் தடுப்பூசி கட்டாயம், வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பூனைக்கும்தான். ஊசிப் புத்தகத்தை எடுத்துத் திகதியைப் பாருங்கள். பிள்ளைகளில் யாரையாவது ஸ்கங்க் கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகக் கழுவி நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இது ஊர்க்கதையும் இல்லை. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ஒரு ரக்கூனுக்கு விசர் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து வருடமாக ஒன்ராறியோவில் இல்லாத ரக்கூன் வகை விசர் அது. அடுத்தடுத்த வருடங்களில் ரக்கூன்களும் ஸ்கங்க்குகளுமாக நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. மாகாண அரசு தடுப்பு மருந்து அடைத்த இரைகளை விமானத்தாலும் கையாலும் போட்டு அடக்கியது. காக்கிப் பச்சை நிறத்தில் சின்னப் பொட்டலம் ஒன்றை நடைபாதையில் நாய் கவ்வினால், அதுவாக இருக்கும். நாய் விழுங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் கையைவிட்டுப் பிடுங்காதீர்கள்.

பகலில் ஸ்கங்கைக் கண்டவுடன் விசர் என்று முடிவு கட்டவேண்டாம். குட்டி வளர்க்கிற தாய் பசியில் பகலிலும் வெளிவரும். தள்ளாடி, வட்டமடித்து, ஆளைக் கண்டும் அசையாமல் நின்றால்தான் பிரச்சினை. அப்போது நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடியுங்கள். அது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், ஊசி போடாத நாய்க்கு அதுவும் தொற்றும். ஜிம்மிக்கு டிஸ்டெம்பர் ஊசியோடு லெப்ரோ (எலிக்காய்ச்சல்) ஊசியும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரமான வளவில் காட்டுப்பிராணிகளின் சிறுநீரால் வருகிற நோய் அது.

இனிக் கணவரின் சீமெந்து. ஸ்கங்க் மே, ஜூனில் குட்டி போடும். நீங்கள் கண்ட வரிசை, குட்டிகள் தாயின் பின்னால் இரை தேடப் பழகுகிற பருவம். இப்போது துளையை அடைத்தால் தாய் வெளியில் மாட்டும், குட்டிகள் உள்ளே செத்து அழுகும். அல்லது தாய் உள்ளே மாட்டி, இருக்கிறதை எல்லாம் டெக்குக்குக் கீழேயே பீய்ச்சும். இரண்டும் ஜிம்மியின் நாற்றத்தைவிடப் பல மடங்கு. மிளகாய்ப் புகைக்கும் அதே பலன்தான், மரத்தால் ஆன டெக் என்பதையும் மாமிக்கு ஞாபகப்படுத்துங்கள். பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடலாமே என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள். ஒன்ராறியோச் சட்டப்படி பிடித்த காட்டுப்பிராணியை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விடக்கூடாது.

பொறுங்கள். குட்டிகள் வளர வளரக் குடும்பம் தானாகவே இடம் மாறும். ஓகஸ்ட் நெருங்கும்போது பின்னேரம் துளைவாயில் கோதுமை மா தூவி வையுங்கள், காலையில் தடம் பாருங்கள். கசக்கிய பழைய பேப்பரைத் துளையில் லேசாக அடைத்தும் பார்க்கலாம், உள்ளே ஆள் இருந்தால் வெளியே தள்ளிவிடும். வெறும் துளை என்று உறுதியான பிறகும் சீமெந்து வேண்டாம். இது நன்றாகத் தோண்டுகிற பிராணி, சீமெந்துக்குப் பக்கத்தில் அடுத்த துளை போடும். டெக்கைச் சுற்றித் தடித்த இரும்பு வலையை ஒரு அடி ஆழத்துக்கு நிலத்துக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக இன்னொரு அடி மடித்து மண் போட்டு மூடுங்கள். தோண்டிக்கொண்டு வருகிற கால் அந்த மடிப்பில் முட்டித் திரும்பும்.

அதுவரைக்கும் இரவில் ஜிம்மியைத் தனியே விடாதீர்கள். முன்வாசலால் கூட்டிப் போங்கள், கயிற்றில். பின்வளவுக்கே போவதென்றால் முதலில் லைற்றைப் போட்டு, கதவைத் தட்டிச் சத்தம் காட்டி, ரோச் அடித்துப் பார்த்து, அரை நிமிடம் கொடுங்கள். ஸ்கங்க் அடிக்க விரும்பாத பிராணி. சுரப்பியில் இருப்பது ஐந்தாறு தடவைக்குத்தான் போதும், தீர்ந்தால் திரும்ப நிறைய ஒரு கிழமைக்கு மேலாகும். ஆகவே முதலில் எச்சரிக்கும். முன்காலால் தட் தட்டென்று நிலத்தில் அடிக்கும், சீறும், வாலைத் தூக்கும். வளைந்து முகத்தையும் வாலையும் ஒரே பக்கம் உங்களை நோக்கிக் காட்டினால் நேரம் முடிந்தது. மனிதர் கால் தட்டும்போதே பின்வாங்குவோம். லாப்ரடோர் அதை விளையாடக் கூப்பிடுவதாக நினைக்கும்.

வளவில் அதற்குச் சாப்பாடு என்ன என்றும் பாருங்கள். புல்தரையில் சின்னக் கூம்புக் குழிகள் இருந்தால் வண்டுப் புழு தேடித் தோண்டுகிறது. 2009-இலிருந்து ஒன்ராறியோவில் வீட்டுப் புல்லுக்கு இரசாயனப் பூச்சிமருந்து அடிக்கத் தடை. ஓகஸ்ட் கடைசி, செப்டம்பரில் நெமற்றோட் (வண்டுப் புழுவைக் கொல்லுகிற நுண்புழு) வாங்கி விடலாம். சமையல் கழிவு போடுகிற பச்சைத் தொட்டியைக் காலையில் வெளியே வையுங்கள். மீன் கழுவிய நாளில் கட்டாயம். பேஸ்மென்ட் ஜன்னல் குழிக்குள் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சரிவாக வைத்துவிடுங்கள். ஸ்கங்குக்கு ஏறத் தெரியாது, விழுந்த குட்டி அதால் தானாகவே வெளியே வந்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மாமி சனிக்கிழமைகளில் டெக் விளிம்பில் காகத்துக்குச் சோறு வைக்கிறாரா? நான் போய்ப் பார்த்த ஸ்காபரோ வீடுகளில் பாதிக்கு மேல் துளை அந்த விளிம்புக்குக் கீழேதான் இருந்தது. வைக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தட்டில் வைத்து, மத்தியானமே தட்டை உள்ளே எடுத்துவிடச் சொல்லுங்கள். காகம் வருகிற நேரத்துக்கு வந்துவிடும், மிச்சம்தான் இரவுக்காரருக்குப் போகிறது.

மாவில் தொடர்ந்து மூன்று இரவு தடம் விழாமல் இருந்தால், அன்றைக்குக் கணவரிடம் மண்வெட்டியைக் கொடுங்கள்.